அமெரிக்கக் கல்லூரி நிதியுதவி: பெற்றாரின் வரிக் கணக்கை எவ்வாறு சரிபார்க்கிறார்கள்?

புடைவைக் கடை நடத்தும் வர்த்தகர் ஒருவர் தடித்த கோப்பு ஒன்றுடன் என்னைக் காண வந்திருந்தார். அவருடைய மகள் உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் 'ஏ' சித்தி பெற்றவர். அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்து, கூடவே நிதியுதவியும் கோரியிருந்தார். பெற்றாரின் வருமான வரி விபரத்திரட்டையும் வியாபாரக் கணக்கையும் வங்கிக் கூற்றுகளையும் அனுப்புமாறு கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. "நானா, வரிக்குக் காட்டின கணக்கு ஒண்டு, பேங்க் லோனுக்குக் காட்டின கணக்கு இன்னொண்டு. இவங்களுக்கு எதை அனுப்புறது?" என்று கேட்டார்.

இக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்ப விரும்பும் எமது வர்த்தகக் குடும்பங்கள் பலவற்றில் மறைந்திருக்கும் கேள்விதான் இது. எனவே அங்குள்ள சரிபார்ப்பு முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். அமெரிக்காவில் உயர்கல்வி நிதியுதவிக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மத்திய அரசாங்கத்தின் உதவி. இதற்கு 'ஃபாஃப்சா' எனும் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அமெரிக்கப் பிரசைகளும் கிறீன் கார்ட் எனப்படும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோரும் வேறு சில வகையினரும் மட்டுமே இதற்குத் தகுதியுடையோர். இங்கிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் செல்லும் பிள்ளைக்கு இதில் ஒரு சதமும் கிடையாது. மற்றையது, கல்லூரிகள் தமது சொந்த நிதியிலிருந்து வழங்கும் உதவி. வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்கக்கூடியது இதுவே. இதற்காகப் பல தனியார் கல்லூரிகள் கொலேஜ் போர்ட் நிறுவனத்தின் 'சி.எஸ்.எஸ். புரொஃபைல்' படிவத்தைக் கேட்கின்றன.

கடந்த ஆண்டுகளில் டி.வி. லொத்தர் மூலம் கிறீன் கார்ட் பெற்றுக் குடும்பத்துடன் குடியேறியோர் எமது ஊர்களில் உண்டு. அவர்களது பிள்ளைகளுக்கு முதலாவது வழி திறந்திருக்கிறது. ஆனால் அவர்களும் பெரும்பாலும் இந்த வரிக் கணக்கில்தான் இடறி விழுகிறார்கள்.

இரு அரசாங்கக் கணினிகள் பேசிக்கொள்ளும் கதை

ஃபாஃப்சா படிவத்தில் பெற்றார் தமது வருமானத்தைத் தாமே எழுதிய காலம் இருந்தது. பிழைகள் மலிந்தன. கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் தெரிவுசெய்யப்பட்ட விண்ணப்பங்களை எடுத்து, வரித் திணைக்களமான ஐ.ஆர்.எஸ். வழங்கும் வரிப் பதிவுப் பிரதியைக் கேட்டு, வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தது. பிரதி கிடைக்கத் தாமதித்தால் உதவியும் தாமதித்தது. ஏழைப் பிள்ளைகளே இதனால் அதிகம் பாதிக்கப்பட்டனர்.

இதற்குப் பரிகாரமாக 2010 ஆம் ஆண்டில், ஐ.ஆர்.எஸ். பதிவிலிருந்து தகவலை நேரே விண்ணப்பத்துக்குள் இழுத்துக்கொள்ளும் வசதி அறிமுகமானது. அவ்வாறு வந்த எண்களை எவரும் மாற்றாதிருந்தால் அவற்றை மீண்டும் சரிபார்க்கத் தேவையில்லை என்பதே அதன் பெரும் நன்மை. ஆனால் 2017 மார்ச்சில் அந்த வசதி திடீரென மூடப்பட்டது. பிறரது அடையாளத்தைத் திருடியோர் இவ்வழியாக வரித் தகவலைப் பெற்றுப் பொய்யான வரி மீளளிப்புக் கோரியதாகச் சந்தேகம். ஒரு இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என ஐ.ஆர்.எஸ். கூறியது. பின்னர் எண்கள் விண்ணப்பதாரியின் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைத்து அவ்வசதியை மீண்டும் திறந்தார்கள்.

2019 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் ஒன்று இன்னும் ஒரு படி சென்றது. அதன்படி 2024–25 கல்வியாண்டு விண்ணப்பம் முதல் ஐ.ஆர்.எஸ். தகவல் நேரடியாகக் கல்வித் திணைக்களத்துக்குப் போகிறது. மாணவரும் பெற்றாரும் அதற்குச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் வரி விபரத்திரட்டே சமர்ப்பிக்காதவரும் சம்மதம் தர வேண்டும். சம்மதிக்க வேண்டியவர்களில் ஒருவர் மறுத்தாலும் பிள்ளைக்கு மத்திய அரசின் உதவி இல்லை. "எனக்கு அங்கே வரிக் கோப்பே இல்லையே, நான் ஏன் கையொப்பமிட வேண்டும்?" என்று வாப்பா ஒதுங்கிக்கொண்டால் நட்டம் மகனுக்கே.

புதிய முறையின் முதல் வருடம் பெருங் குழப்பமாகவே கழிந்தது. வழமையாக ஒக்டோபரில் திறக்கும் படிவம் 2023 டிசம்பர் 30 இல்தான் திறந்தது. சமூகப் பாதுகாப்பு இலக்கம் இல்லாத பெற்றார் 2024 மார்ச் வரை தமது பகுதியை நிரப்ப முடியாமல் தவித்தனர். அதே மாதம், ஐ.ஆர்.எஸ். இலிருந்து வந்த தகவல்கள் சிலவற்றில் பிழை இருப்பதாகவும் கல்வித் திணைக்களம் ஒப்புக்கொண்டது. எனவே கணினி தந்த எண் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாமல், கைவசமுள்ள வரிப் பத்திரத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இங்கு இரண்டு வருடம் முந்திய வருமானமே கணக்கில் எடுக்கப்படுகிறது. உதாரணமாக 2026–27 கல்வியாண்டுக்கு 2024 ஆம் ஆண்டின் வருமானம். 2025 இல் குடியேறியவருக்கு அது இலங்கையில் உழைத்த வருமானம். ஐ.ஆர்.எஸ். கணினியில் அது இருக்காது. எனவே பெற்றாரே அதனை டொலருக்கு மாற்றி எழுத வேண்டும். கல்லூரி சரிபார்க்கக் கேட்டால், எமது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சமர்ப்பித்த விபரத்திரட்டின் பிரதியே ஆதாரமாகும். ஊரை விட்டுப் புறப்படும்போது பழைய வரிக் கடதாசிகளைப் பழைய கடதாசிக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டுச் செல்வோருக்கு இது ஒரு எச்சரிக்கை.

மாறாக, இரண்டு வருடத்துக்கு முன் நல்ல வருமானம் இருந்து இப்போது தொழில் இழந்திருந்தால், அதனை ஆதாரத்துடன் நிதியுதவி அலுவலருக்கு எழுதலாம். நிலைமையைப் பார்த்துக் கணக்கை மாற்றியமைக்கச் சட்டம் அவருக்கு அதிகாரம் வழங்கியிருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

வட்டி விடயத்திலும் ஒரு வார்த்தை. ஃபாஃப்சா நிரப்பினால் கடன் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பெல் கிராண்ட் என்பது திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத மானியம். 2025–26 இல் அதன் உச்சத் தொகை 7,395 டொலர். கல்லூரி அனுப்பும் உதவிப் பட்டியலில் மானியத்தை ஏற்று, வட்டிக் கடனை வேண்டாம் என மறுக்கும் உரிமை மாணவருக்கு உண்டு.

இங்கிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகள்

சி.எஸ்.எஸ். புரொஃபைல் ஃபாஃப்சாவை விடத் துருவித் துருவிக் கேட்கும். குடியிருக்கும் வீடு ஃபாஃப்சாவில் கணக்கில் இல்லை. இதிலோ அதன் பெறுமதியையும் கேட்பார்கள். உறவினர் தரும் உதவியைக் கேட்பார்கள். இங்கே கணினி இணைப்பு எதுவும் இல்லை. நீங்கள் அனுப்பும் கடதாசிகளை ஒரு அலுவலர் இருந்து வாசிக்கிறார். ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே அவரது முதற் பார்வை.

மாதச் சம்பளம் பெறுபவருக்கு விடயம் இலகு. தொழில் தருநர் வழங்கும் டி-10 சான்றிதழும் சம்பளக் கடிதமும் போதிய ஆதாரம். சம்பளத்திலிருந்து வரி கழிப்பது 2020 முதல் 2022 வரை ஊழியரின் விருப்பத்துக்கு விடப்பட்டு, 2023 ஜனவரியிலிருந்தே மீண்டும் கட்டாயமாக்கப்பட்டதால், இடைப்பட்ட வருடங்களுக்குச் சிலரிடம் சான்றிதழ் இல்லாதிருக்கலாம். வருமானம் வரி எல்லைக்குக் கீழே இருந்தால் அதனைத் தெளிவாக எழுதி, தொழில் தருநரின் கடிதத்தை இணைக்க வேண்டும். வரி கட்டவில்லை என்பது குற்றமல்ல. ஏன் கட்டவில்லை என்று சொல்லாமல் விடுவதே சந்தேகத்தைக் கிளப்பும்.

வாப்பா சவூதியிலோ கட்டாரிலோ தொழில் புரிந்தால்? அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆகவே வரிப் பத்திரமும் இல்லை. கம்பனியின் சம்பளச் சான்றிதழையும் பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகளையும் கொடுக்க வேண்டும். சான்றிதழ் அரபியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு அவசியம்.

நாணய மாற்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதம் மூன்று இலட்சம் ரூபா என்பது எமக்கு நல்ல சம்பளம். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு 12,000 டொலர்தான். அமெரிக்க அலுவலர் அதைப் பார்த்து, ஐந்து பேர் கொண்ட குடும்பம் இதில் எவ்வாறு வாழ்கிறது என்று கேட்பார். இது அவமதிப்பல்ல. வீட்டு வாடகை இல்லை, காணியிலிருந்து நெல் வருகிறது, மாமா பாடசாலைச் செலவைப் பார்க்கிறார் என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். 2022 இன் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தொட்டதையும் மறக்க வேண்டாம். எந்தத் திகதியின் வீதத்தில் மாற்றினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

எமது கிழக்கு மாகாணத்தவருக்குப் பிரத்தியேகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளையின் பெயரில் வீட்டை எழுதி வைப்பது அங்கு வழக்கம். அந்தப் பிள்ளையே விண்ணப்பதாரியானால், உறுதியின்படி வீடு மாணவியின் சொத்தாகிறது. பெற்றாரின் சொத்தைவிட மாணவரின் சொத்திலிருந்தே அதிக பங்கைக் கல்விக்கு எதிர்பார்ப்பது அமெரிக்கக் கணக்கு முறை. உறுதியை மறைப்பது பிழை. அது சீதனத்துக்கென எழுதப்பட்டது, குடும்பம் முழுவதும் அதிலேயே வாழ்கிறது, விற்க முடியாது என்பதை, விசேட நிலைமைகளை எழுதும் பகுதியில் விளக்க வேண்டும். அந்த அலுவலருக்கு எமது வழக்கம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாதல்லவா?

நிதியுதவி கோருவதே அனுமதியைப் பாதிக்குமா என்றும் பலர் கேட்கிறார்கள். ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அமேர்ஸ்ட் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பார்த்து அனுமதி தீர்மானிக்கப்படுவதில்லை. 2022 இல் டார்ட்மத், போடன் கல்லூரிகளும் இப்பட்டியலில் சேர்ந்தன. ஏனைய பெரும்பாலான கல்லூரிகளில் அது பாதிக்கும். அதற்குப் பயந்து முதலில் கேட்காமல் விட்டு, அனுமதி கிடைத்த பின் கேட்கலாம் என்று நினைத்தால், பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவருக்குப் பிந்திய விண்ணப்பத்தை ஏற்பதில்லை.

மூன்று கடதாசிகள்

இனி அந்த வர்த்தகரின் விடயத்துக்கு வருவோம். வரிக்குக் காட்டிய வருமானம் 14 இலட்சம். வங்கிக் கடன் கோப்பில் இருந்தது 60 இலட்சம். இது போதாதென்று, விசாவுக்கு உதவும் என யாரோ சொன்னதைக் கேட்டு, மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கிய பெருந்தொகை ஒன்றைத் தமது கணக்கில் இரண்டு வாரம் போட்டு வைத்து, வங்கியில் மீதிச் சான்றிதழும் எடுத்திருந்தார். கல்லூரிக்கு ஏழை, வங்கிக்குச் செல்வந்தர், தூதரகத்துக்குப் பெருஞ் செல்வந்தர். மூன்று கடதாசிகளிலும் ஒரே கையொப்பம்.

சிறிய எண்ணை அனுப்பினால் உதவி கூடும் என்பது அவரது எண்ணம். ஆனால் வங்கிக் கூற்றையும் சேர்த்தே கேட்டிருந்தார்கள். மாதாமாதம் ஐந்து இலட்சம் புரளும் கணக்குக்கும் 14 இலட்ச வருட வருமானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் இல்லை. விற்பனை வேறு, இலாபம் வேறு என்று விளக்கலாம்தான்; அதற்குக் கொள்வனவுச் சிட்டைகளுடன் கணக்கு இருக்க வேண்டும். அவரிடம் இருந்தவை கொப்பிகள் மட்டுமே. பொய்யெனத் தெரிந்தால் கல்லூரி உதவியை மட்டுமல்ல, அனுமதியையும் இரத்துச் செய்யலாம். பிள்ளை அங்கே இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருக்கும்போதும் அது நிகழலாம். ஃபாஃப்சாவிலோ, வேண்டுமென்றே பொய்த் தகவல் தந்தால் 20,000 டொலர் வரை தண்டப்பணம் அல்லது சிறை, அல்லது இரண்டும் என்று கையொப்பமிடும் இடத்திலேயே எழுதியிருக்கிறது.

"எது உண்மை?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டுக்கும் நடுவில" என்றார். கணக்காளர் ஒருவரை அமர்த்தி மூன்று வாரம் கணக்குப் பார்த்ததில் உண்மையான இலாபம் 31 இலட்சமாக வந்தது. அந்த எண்ணிலும் மகளுக்குக் கணிசமான உதவி கிடைக்க இடமிருந்தது என்பதே இதில் வேதனையானது. வருடத்துக்கு 80,000 டொலருக்கு மேல் செலவாகும் கல்லூரிகளின் பார்வையில் 14 இலட்சத்துக்கும் 31 இலட்சத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. பொய் அவருக்கு எதையும் சம்பாதித்துக் கொடுத்திருக்காது.

அவர் திருத்திய விபரத்திரட்டைச் சமர்ப்பித்து, குறைந்த வரியையும் தண்டப்பணத்தையும் கட்டினார். மைத்துனரின் பணம் திரும்பிப் போனது. அதற்குள் கல்லூரி விதித்த திகதி கடந்துவிட்டது. மகள் இப்போது வீட்டிலிருந்து சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார். அடுத்த முறை விண்ணப்பிக்கவிருக்கிறார்.

அவரைப் போன்றவர்களுக்குக் காலக் கணக்கு ஒன்று. எமது மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அமெரிக்கர்களுடையது ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே மாதவாரியான கணக்கை வைத்திருங்கள். எந்தக் காலப்பகுதி வேண்டும் என்று கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலை அச்சிட்டுக் கோப்பில் இடுங்கள். 2027 செப்டம்பரில் கல்லூரி புகவிருப்பவருக்கு 2025 ஆம் ஆண்டின் வருமானம் பார்க்கப்படும். சி.எஸ்.எஸ். புரொஃபைல் வழமையாக ஒக்டோபர் 1 இல் திறக்கும். முந்திய சுற்று விண்ணப்பங்கள் பல கல்லூரிகளில் நவம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். எமது வரி விபரத்திரட்டுக்கோ நவம்பர் 30 வரை தவணை உண்டு. அந்தத் தவணையை நம்பிக் காத்திருந்தால், கல்லூரி கேட்கும் நாளில் கையில் காட்ட ஒன்றும் இராது. செப்டம்பருக்குள் கணக்கை முடித்துச் சமர்ப்பித்து, ஏற்றுக்கொண்டமைக்கான பற்றுச்சீட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.