வீசப்படாத மஞ்சள் கொடி: ட்ரூ பிரீஸுக்கு இரண்டாவது கோப்பை பறிபோனதா?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்காரர் யாராவது உங்கள் ஆபீஸில் இருந்தால், '2019 ஜனவரி 20' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரம் உங்களுக்கு வேலை ஓடாது. அன்றைக்கு ஒரு நடுவர் தன் இடுப்பிலிருந்து மஞ்சள் கொடியை எடுத்து வீசவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ட்ரூ பிரீஸ் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்ற பேச்சு எப்போது வந்தாலும், அந்தக் கொடியும் கூடவே வந்துவிடுகிறது.

முதலில் ஒரு விஷயம். இது மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் ஃபுட்பால் இல்லை; ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கன் ஃபுட்பால். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. பந்தை யாருக்கு, எப்போது வீசுவது என்று முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். கேப்டன், பிளேமேக்கர் எல்லாம் அவரே. அவர் வீசிய பந்து வந்து சேருவதற்கு முன்னால், அதைப் பிடிக்கப் போகிறவரை இடித்துத் தள்ளினால் 'பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்' என்ற ஃபவுல். இங்கே நடுவர் ஃபவுலைக் காட்டுவது மஞ்சள் கொடியை வீசித்தான்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் மோதல். ஜெயிப்பவருக்கு சூப்பர் பௌல் டிக்கெட், அதாவது கிட்டத்தட்ட அரையிறுதி. ஸ்கோர் 20-20. இன்னும் இரண்டு நிமிஷம்கூட இல்லை. ராம்ஸின் எல்லையிலிருந்து வெறும் 13 யார்டு தூரத்தில் செயின்ட்ஸ். மூன்றாவது முயற்சி. பிரீஸ் வலப்பக்கமாக டாமிலீ லூயிஸுக்கு வீசுகிறார். பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே ராம்ஸின் நிக்கல் ரோபி-கோல்மன் ஓடி வந்து லூயிஸை இடித்துத் தள்ளுகிறார். ஹெல்மெட்டில் ஹெல்மெட் மோதல் வேறு. மைதானத்தில் இருந்தது ஏழு நடுவர்கள். ஒருவரிடமிருந்தும் கொடி வரவில்லை!

கொடி வந்திருந்தால் கணக்கு எளிது. செயின்ட்ஸுக்கு புதிதாக நான்கு முயற்சி கிடைத்திருக்கும். கடிகாரத்தைக் கரைத்துவிட்டு, கடைசி நொடிகளில் ஒரு ஃபீல்ட் கோல் அடித்து வீட்டுக்குப் போயிருக்கலாம். வராததால் உடனே ஃபீல்ட் கோல் அடித்து 23-20 ஆக்கினார்கள்; ராம்ஸுக்கு நேரம் மிச்சம் இருந்தது. 15 விநாடி இருக்கும்போது சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் பந்து முதலில் செயின்ட்ஸ் கைக்குத்தான் வந்தது. ஆனால் வீசும் நேரத்தில் பிரீஸை ஒருவர் இடிக்க, பந்து எங்கேயோ எகிறி ராம்ஸ் வீரர் கையில் விழுந்தது. பிறகு கிரெக் ஸூர்லைன் 57 யார்டிலிருந்து உதைத்தார். 26-23. கதை முடிந்தது.

அதற்குப் பிறகுதான் நிஜமான கூத்து. நடுவர் துறைத் தலைவர் போனில் தவறை ஒப்புக்கொண்டார் என்று பயிற்சியாளர் ஷான் பேய்டன் அன்றே நிருபர்களிடம் சொன்னார். இடித்த ரோபி-கோல்மனே, தான் சீக்கிரம் போய்விட்டதை மறைக்கவில்லை. ஹெல்மெட் மோதலுக்காக லீக் அவருக்கு 26,739 டாலர் அபராதம் போட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 19 லட்சம் ரூபாய். குற்றம் உண்டு, தண்டனை உண்டு, முடிவு மட்டும் மாறாது! ரசிகர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். லூசியானா உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. சூப்பர் பௌலில் ராம்ஸ் 13-3 என்று பேட்ரியாட்ஸிடம் தோற்ற மறுநாள், உள்ளூர் நாளிதழ் 'டைம்ஸ்-பிகாயூன்' முதல் பக்கத்தை ஏறக்குறைய வெறுமையாகவே அச்சிட்டது.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா? அது புரிய வேண்டுமானால் 2005-க்குப் போக வேண்டும். கத்ரினா புயல் நகரத்தை மூழ்கடித்தது. செயின்ட்ஸின் சூப்பர்டோம் மைதானம் வீடிழந்தவர்கள் ஒண்டிய இடமானது. அந்த சீசனில் அணி ஒரு மேட்ச்கூட சொந்த ஊரில் ஆடவில்லை. அடுத்த ஆண்டு, வீசும் கையின் தோள்பட்டையில் ஆபரேஷன் செய்துகொண்டு, இனி ஆடுவாரா என்று மற்ற அணிகள் தயங்கிய பிரீஸ் அங்கே வந்து சேர்ந்தார். உடைந்த ஊருக்கு உடைந்த தோள். 2010 பிப்ரவரியில் சூப்பர் பௌல் கோப்பை வந்தது; அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவரே. அதனால்தான் அவர் 40-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் கழித்து நடந்த அந்த அநியாயத்தை ஊரே தன் சொந்தக் கணக்கில் எழுதிக்கொண்டது.

சரி, விவாதத்துக்கு வருவோம். 2021-ல் ஓய்வு பெறும்போது அவர் வீசிச் சேர்த்தது 80,358 யார்டு. அன்றைக்கு அதுதான் உலகிலேயே அதிகம். ஆனால் கோப்பை ஒன்றே ஒன்று. டாம் பிரேடியிடம் ஏழு. லீக்கின் சிறந்த வீரர் விருதும் ஒருமுறைகூட கிடைக்கவில்லை. 'அந்தக் கொடி வந்திருந்தால் இரண்டு கோப்பை, பேச்சே வேறு' என்கிறது ஒரு தரப்பு.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. சற்று முன்புதான் ராம்ஸின் ஜாரெட் காஃப் ஓடும்போது அவர் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்தார்கள், அதற்கும் கொடி இல்லையே? அதே கடைசி இரண்டு நிமிஷத்தில் முதல் முயற்சியில் நேரத்தைக் கரைக்காமல் பந்தை வீசி, அது தரையில் விழுந்து கடிகாரம் நின்றதே, அது யார் தப்பு? கூடுதல் நேரத்தில் பந்தைப் பறிகொடுத்ததும் பிரீஸ்தானே?

எனக்கு இதில் முக்கால்வாசி சரி என்றே படுகிறது. ஆனாலும் கடிகாரத் தப்பையும் கொடித் தப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒன்று ஆட்டத்துக்குள் வரும் தப்பு. இன்னொன்று ஆட்டத்தை நடத்துகிறவரின் தப்பு. அதே சமயம், அந்த ஃபைனலில் பேட்ரியாட்ஸை அடித்திருப்பார்கள் என்பதெல்லாம் வெறும் ஊகம். நடக்காத ஃபைனலுக்கு யாருக்கும் மோதிரம் தர முடியாது.

சுவாரஸ்யமே அடுத்து நடந்ததுதான். கிரிக்கெட்டில் டிஆர்எஸ் கேட்பதுபோல, பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் ரீப்ளேயில் பார்க்கலாம் என்று 2019 மார்ச்சில் விதியை மாற்றினார்கள். 32 அணிகளில் 31 ஆதரவு. செயின்ட்ஸுக்காகவே பிறந்த விதி. 2020 ஜனவரியில், அதே சூப்பர்டோமில், மினசோட்டா வைக்கிங்ஸ் வீரர் கைல் ருடால்ஃப் தடுப்பாளரைத் தள்ளிவிட்டுப் பந்தைப் பிடித்ததாகச் செயின்ட்ஸ் ரசிகர்கள் கத்தினார்கள். கூடுதல் நேரத்தின் கடைசிப் பந்து அது. நியூயார்க்கில் ரீப்ளே பார்த்தவர்கள் முடிவை மாற்றவில்லை. செயின்ட்ஸ் வெளியே!

அந்த சீசன் முழுக்கவே பயிற்சியாளர்களின் அப்பீல்களில் பெரும்பாலானவை தள்ளுபடிதான். எது லேசான உரசல், எது ஃபவுல் என்று ஸ்லோமோஷனிலும் ஒத்துப்போக முடியவில்லை. ஒரே வருஷத்தில் விதியைக் கைகழுவினார்கள்.

பிரீஸின் கடைசி ஆட்டம் 2021 ஜனவரியில், டாம் பிரேடியின் டாம்பா பே அணியோடு. மூன்று முறை பந்தை எதிரணியிடம் கொடுத்தார், 30-20 தோல்வி. அன்றைக்கு நடுவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. எல்லோரும் போன பிறகு காலி மைதானத்தில் பிரேடியும் பிரீஸும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரீஸின் மகனுக்கு பிரேடி ஒரு பந்து வீசினார், பையன் ஓடிப் பிடித்தான்.