சூப்பிரண்டு இல்லாத செக்ஷன்

போன வருஷம் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க் ரிடையர் ஆனார். "சால்வையும் சுவர்க்கடிகாரமும் எல்லாரும்தான் தர்றாங்க. நாம ஒரு பாட்டு ரிக்கார்டு பண்ணிக் கொடுக்கலாமே" என்று வாயைக் கொடுத்தது நான்தான். மாட்டிக்கொண்டதும் நான்தான்.

வீட்டில் ஒரு மைக்கும், கம்ப்யூட்டரில் 'ரீப்பர்' என்கிற ரிக்கார்டிங் சமாசாரமும் உண்டு. (1997-ல் வின்ஆம்ப் என்று ஒன்று வந்ததே, அதைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் செய்தவர்.) கோரஸுக்கு எட்டுப் பேர், தபலாவுக்கு இரண்டு மைக், கஞ்சிரா, ஷேக்கர், கீபோர்டு நாலு, கிடார் இரண்டு. நடுவே ஹெட் கிளார்க்கே பாடிய நாலு வரி, காண்டீனில் அவருக்குத் தெரியாமல் செல்போனில் பிடித்தது. ஆக மொத்தம் 19 டிராக்.

பத்தொன்பதையும் நேராக மாஸ்டருக்கு அனுப்பினேன். கோரஸ் கத்தியது. எட்டு ஃபேடரையும் இறக்கினால் தபலா இடித்தது. அதை இறக்கினால் கிடார். ராத்திரி ஒரு மணிக்கு, போதும்டா சாமி என்று முடித்தேன்.

மறுநாள் விழாவில் பாட்டு ஓடியது. கைதட்டல். ஹெட் கிளார்க் மட்டும் என் காதருகே குனிந்து, "ஏம்ப்பா, என் குரலும் இருக்குன்னாங்களே... எங்கே?" என்றார்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்தேன். தப்பு புரிந்தது. பத்தொன்பது குமாஸ்தாவும் ஃபைலோடு நேரே ஆபீசர் ரூமுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அதற்குத்தானே செக்ஷன், செக்ஷனுக்கு ஒரு சூப்பிரண்டு! தாளம், வாத்தியம், கோரஸ், தனிக்குரல் என்று நாலு செக்ஷன் போட்டேன். ரீப்பரில் ஒரு தாய் டிராக்குக்குக் கீழே மற்றதை இழுத்துப் போட்டால் போதும், எல்லாச் சத்தமும் அதன் வழியாகத்தான் போகும். இதற்குப் பெயர்தான் சப்-மிக்ஸ். ஒரே அளவில் எட்டுக் குரல் சேர்ந்தால் ஒற்றைக் குரலைவிட சுமார் 9 டெசிபல் ஏறிவிடும். இப்போது அதை இறக்க ஒரே ஒரு ஃபேடர்!

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்கவும். டிராக்கை 'பஸ்'ஸில் ஏற்றிவிட்டு, மாஸ்டருக்குப் போகிற பழைய வழியை மூட மறந்தால், அதே சத்தம் இரண்டு வழியாகப் போய் 6 டெசிபல் கூடும்.

நான் இன்னொரு குழியிலும் விழுந்தேன். எதிரொலிக்குத் தனி டிராக் வைத்து, கோரஸின் எட்டு டிராக்கிலிருந்தும் அதற்கு நேராகக் கிளை இழுத்திருந்தேன். கோரஸ் ஃபேடரை முழுசாக இறக்கினால் ஆட்கள் போய்விட்டார்கள், எதிரொலி மட்டும் பேய் மாதிரி பாடிக்கொண்டிருந்தது! சூப்பிரண்டுக்குத் தெரியாமல் போன ஃபைல் அது. கிளையை செக்ஷன் டிராக்கிலிருந்தே இழுத்ததும் பேய் ஓடிப்போயிற்று.

பீட்டில்ஸ்காரர்கள் 1966-67-ல் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்தது நாலு டிராக் டேப்பில். நாலும் நிரம்பினால், அதைக் கலந்து இன்னொரு மெஷினில் ஒன்றிரண்டு டிராக்கில் அடக்கிவிட்டு மேலே போவார்கள். கலந்தது கலந்ததுதான். அப்புறம் தபலாவை, மன்னிக்கவும், டிரம்மை மட்டும் தனியே குறைக்க முடியாது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. செக்ஷனை எப்போது வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம்.

புதுப் பாட்டைப் பென் டிரைவில் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். அந்த நாலு வரி வந்தபோது மாமி சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். "இன்னொரு தரம் போடுங்கோ" என்றார். மூன்று தடவை போட்டோம்.

ஹெட் கிளார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மூணாவது வரியில சுருதி விலகுதேப்பா. முன்னே பண்ணின மாதிரியே விட்டிருக்கலாமோ?"