வயலும் வகுப்பறையும்

நாட்டின் முதல் வேளாண்மைப் பல்கலைக் கழகம் இமயமலை அடிவாரத்தில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் பந்த்நகரில் அமைந்துள்ளது. மலேரியாவுக்குப் பேர்போன தராய்க் காட்டு நிலம் விடுதலைக்குப் பின் திருத்தப்பட்டு விளைநிலமாயிற்று. அங்கு 1960 நவம்பர் 17 அன்று பிரதமர் நேரு இதனைத் துவக்கி வைத்தார். 1972-இல் இதற்குக் கோவிந்த வல்லப பந்த்தின் பெயர் சூட்டப்பட்டது.

அந்நாளில் வேளாண்மைக் கல்லூரிகள் பாடம் போதித்தன. விரிவாக்கப் பணி அரசுத் துறைகளிடம் இருந்தது. ஆதலால், ஆய்வின் பயன் உழவரை எட்டத் தாமதம் நேர்ந்தது. இக்குறையைப் போக்கக் கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே இணைக்கப்பட்டன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகம் இதற்குத் துணை நின்றது.

மாணவர்கள் வளாக விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். வயற்பணியும் அவர்களுக்குப் பாடமே. பல்கலைக் கழகப் பண்ணைகள் விதை உற்பத்தியில் ஈடுபட்டன. 1969-இல் தோன்றிய தராய் வளர்ச்சிக் கழகத்தின் வாயிலாகச் சுற்றுவட்டார விவசாயிகளும் இதில் பங்கு கொண்டனர். ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் விவசாயிகள் விழாவில் விதைகள் விற்பனையாகின்றன. உழவர்கள் தம் ஐயங்களை விஞ்ஞானிகளிடம் நேரில் கேட்டறிகின்றனர்.

பிற மாநிலங்களிலும் பின்னர் இத்தகைய பல்கலைக் கழகங்கள் எழுந்தன. ஆய்வு முடிவு அண்டைக் கிராமத்து வயலை எத்துணை விரைவில் எட்டுகிறது என்பதே அவற்றின் பணிக்கு உரைகல்லாகும்.