அழகர்கோவில் முகாமில் ஐந்து நாள்!

பள்ளிக்கூடத்தில் 'கைடு' சேர்ந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பையன்களுக்கு ஸ்கவுட், நமக்கு கைடு. நீல யூனிபார்ம், கழுத்தில் ஸ்கார்ப், மூன்று விரல் சல்யூட், இடது கையால் கை குலுக்குவது... நினைத்தாலே சிரிப்பு வருகிறதல்லவா?

எங்கள் முகாம் 2001 மே மாதம், மதுரைப் பக்கம் அழகர்கோவில் அடிவாரத்தில் நடந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரே கூடாரத்தில் ஆறு பேர். அந்த ஆறு பேரில் நாலு பேர், போன மாதம் ஒருத்தியின் தங்கை வளைகாப்பில் ஒன்று சேர்ந்துவிட்டோம். பந்திக்குக் கூடப் போகாமல் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே பேச்சுதான்!

கல் அடுப்பு மூட்டி நாங்கள் கிண்டிய உப்புமா அடிப்பிடித்துத் தீய்ந்துவிட்டது. எங்கள் கைடு டீச்சர் முகம் சுளிக்காமல் முதல் ஆளாகத் தட்டை நீட்டினார். மறுநாள் பழமுதிர்சோலை வழியாக நூபுரகங்கைக்கு நடக்க வைத்தார்கள். வழியெல்லாம் கல்லும் குச்சியும் வைத்துக் குறி போட்டிருந்தார்கள். அம்புக்குறி என்றால் இப்படி வா. பெருக்கல் குறி என்றால் அந்தப் பக்கம் போகாதே. வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்திருந்தால் 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அர்த்தம். சாரணர் இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல் 1941ல் கென்யாவில் இறந்தார். அவர் கல்லறையில் செதுக்கியிருப்பதும் இந்தக் குறிதான் என்று டீச்சர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பாதி வழியில் குறியைத் தேடுவதை விட்டுவிட்டு, பொரிப் பொட்டலத்தைப் பிடுங்கிய குரங்கைத் துரத்தினோம் என்பது வேறு கதை.

முடிச்சு வகுப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'ரீஃப் நாட்' தட்டையாக உட்காரும். காயக்கட்டுக்கு அதைத்தான் போட வேண்டும். 'பௌலைன்' போட்டால் வளையம் இறுகாது. கிராமத்தில் வாக்கப்பட்ட தோழி சொன்னாள், அவள் ஊர்க் கிணற்றில் ஆடு விழுந்தபோது, உள்ளே இறங்கிய பையன் இடுப்பில் இவள்தான் கயிறு கட்டினாளாம். "சுருக்கு போட்டா இழுக்கும்போது இறுகிடும்டி, அதான் நானே கட்டறேன்னு போயிட்டேன்" என்றாள். மாமியார் உட்பட எல்லாரும் வாயடைத்துப் போனார்களாம்.

அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எங்களில் ஒருத்தி அந்த முகாமில்தான், மூன்றாம் நாள் விடிகாலையில் வயசுக்கு வந்தாள். ஒரே அழுகை. டீச்சர் துணி கொடுத்து, சுக்குக் காபி போட்டுக் கொடுத்து, "உனக்கு முடிஞ்சா கொடியேத்தத்துக்கு வா, முடியலேன்னா படுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். அவள் வந்து நின்றாள். இத்தனை வருஷம் கழித்து அவள் சொன்னதைக் கேட்டு எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. "அங்க ரெண்டு நாளும் உங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டேன்டி. வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறம் குடிசை கட்டி, தனித் தட்டு, தனி டம்ளர்னு பதினோரு நாள் உக்கார வச்சாங்க."

இதைக் கேட்டபோது எனக்கு என் வீட்டு விஷயம்தான் மனதில் ஓடியது. ஏழாவது படிக்கும் என் மகளும் கைடுதான். மூன்று நாள் முகாமுக்குக் கையெழுத்துக் கேட்டு பாரம் வந்திருந்தது. "வயசுக்கு வந்த பிள்ளையை ராத்தங்க விடறதா?" என்று அத்தை ஒரே பிடிவாதம். அவருக்குத் தெரிந்த உலகம் அப்படி. பயம் இருக்கத்தானே செய்யும்? என் வீட்டுக்காரரோ இரண்டு பக்கமும் பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அனுப்புடி. ஆனா விசாரிச்சுட்டு அனுப்பு" என்றாள் அவள். மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். கூட வருவது எத்தனை லேடி டீச்சர், பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள், கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, ராத்திரி போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டேன். இரண்டு டீச்சர், தூங்குவது வகுப்பறையில் என்றார்கள். அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அத்தை இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் பேத்திக்கு முறுக்கு சுட மாவு சலித்துக்கொண்டிருக்கிறார்.

நாளை மறுநாள் பஸ். சில்வர் தட்டு கொண்டுபோ என்கிறேன் நான். கனமாக இருக்கிறது, பிளாஸ்டிக் தட்டு போதும் என்கிறாள் அவள்.

— ஒரு வாசகி, மதுரை.