தாராப்பூர் உலையும் தணியாத வெப்பமும்

மும்பைக்கு வடக்கே, அரபிக் கடலோரத்தில் உள்ளது தாராப்பூர். இந்தியாவின் முதல் அணு மின் நிலையம் 1969-ஆம் ஆண்டில் அங்கே இயங்கத் தொடங்கிற்று. மராட்டியத்திலும் குஜராத்திலும் குடியேறிய நம்மவர் இல்லங்களுக்கும் அதன் மின்சாரம் பயன்பட்டது. ஆதலின் அது இயங்கும் முறையை நாம் அறிந்துகொள்வது நன்று.

அனல் நிலையத்தில் நிலக்கரி செய்யும் வேலையை இங்கே யுரேனியம் செய்கிறது. யுரேனியம் 235-இன் அணுக்கருவை நியூட்ரான் ஒன்று தாக்கினால் அது பிளவுபடும்; வெப்பத்துடன் இரண்டு மூன்று புதிய நியூட்ரான்களும் வெளிப்படும். அவற்றுள் சில வேறு கருக்களைப் பிளக்கும். தாராப்பூரின் முதல் இரண்டு உலைகளில், நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் நீரே கொதித்து ஆவியாகி டர்பைனைச் சுழற்றுமாறு அமைத்தனர். வேலை முடித்த ஆவியைக் கடல்நீர் குளிர்வித்து மீண்டும் நீராக்கும்.

உலை அணுகுண்டாக வெடிக்குமோ என்று அஞ்சுவோர் உளர். குண்டுக்கு வேண்டிய செறிவு இவ்வெரிபொருளில் இல்லை. ஆபத்து வேறிடத்தில் உள்ளது. நியூட்ரான்களை விழுங்கும் தண்டுகளைச் செருகினால் பிளவு சில நொடிகளில் நிற்கும். ஆயினும் பிளந்த துண்டங்கள் கதிர்வீசி வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நின்ற கணத்தில் அது முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்காகும். பின்னர் மெல்ல மெல்லத் தணியும்.

2011-இல் ஜப்பானின் புகுஷிமாவில் நிலநடுக்கம் நேர்ந்ததும் உலைகள் முறைப்படி நின்றன. பின்வந்த ஆழிப்பேரலை மின்வசதியைச் சிதைத்தது. நீர் செலுத்த இயலாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகிற்று.

உலையை நிறுத்தும் ஏற்பாட்டோடு, நின்ற உலைக்கு நாட்கணக்கில் நீர் செலுத்தும் ஏற்பாடும் உண்டா என்று அருகில் வாழும் நாம் கேட்டறிதல் வேண்டும்.