வண்டும் கொட்டையும்

இத்தாலி நாட்டின் தென்பகுதியில் நேப்பிள்ஸ் என்னும் துறைமுக நகரம் உண்டு. அவ்வூர் மக்கள் தங்கள் வட்டார மொழியில் வழங்கும் பழமொழி ஒன்று கேட்கச் சுவையானது. சிறு வண்டு ஒன்று அக்ரூட் கொட்டையைப் பார்த்து, ‘எனக்குச் சிறிது காலம் கொடு, உன்னைத் துளைத்துவிடுகிறேன்’ என்றதாம். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்று நாம் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் நம் எறும்பு வாய் திறப்பதில்லை. அவர்கள் வண்டு சவால் விடுகிறது!

மாணவ நண்பர்களே, இப்பழமொழியின் பொருளை விளங்கிக்கொள்ள நேப்பிள்ஸுக்குப் போக வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்றது நமது வண்ணாரப்பேட்டை. அங்கிருந்து கிழக்கு நோக்கி நடந்தால் இராயபுரம் கடற்கரை வந்துவிடும். அங்கே வண்டு எது தெரியுமா? மணல்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. இக்குறையைப் போக்க 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பல டன் எடையுள்ள காங்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கடலுக்குள் சுவர்கள் எழுப்பினர். 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைப் பெரிதும் தகர்த்தது. மீண்டும் கட்டினர்.

புயல் ஒரு நாள் பகைவன். மணலோ நாள்தோறும் வரும் பகைவன். நம் கரையோரமாக அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு செல்கின்றன. துறைமுகச் சுவர் அதன் வழியை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்தது. மெரினா இன்று அத்தனை அகலமாக இருப்பதற்கு இது பெருங்காரணம். எஞ்சிய மணல் சுவரைச் சுற்றி ஊர்ந்து, கிழக்கு நோக்கியிருந்த வாயிலையே மேடாக்கத் தொடங்கியது. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர் அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் அமைக்கச் செய்தார். (1912இல் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுசனின் கணிதத் திறனைப் போற்றி உதவியவரும் இவரே.) வாயிலை மாற்றியதால் மணல் ஓய்ந்துவிடவில்லை. கப்பல் செல்லும் வழியைத் தூர் வாரும் வேலைக்கும் முடிவில்லை.

இனி, பழமொழி சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டு பேசுகிறது, நாமும் அதன் விடாமுயற்சியை மெச்சுகிறோம். கொட்டையின் கருத்தை எவரும் கேட்பதில்லை. தெற்கே தங்கிவிட்ட மணல் வடக்கே வந்து சேராமையால், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையிலும் கடல் கரையைத் தின்றது. அலை கொண்டு போகும் மணலுக்கு ஈடாக வேறு மணல் வரவில்லை. வரவில்லாத செலவு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரே இரவில் வந்த அழிவாயிருந்தால் நாடே திரண்டு பார்த்திருக்கும். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிகழ்ந்ததால், மீனவர் குப்பங்கள் வலை உலர்த்தும் மணலையும், பிறகு வீடுகளையும் இழந்தபோது கண்டவர் சிலரே.

கரை நெடுகப் பாறைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். அலை அவற்றின் அடியிலிருந்த மணலை அரித்தது, பாறைகள் சரிந்தன, மேலும் கொட்டினார்கள். பின்னர், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் குறுக்குக் கல்வரிசைகளை இடைவெளி விட்டுக் கட்டும் முறை வந்தது. இவை அலையோடு மோதி வெல்ல முயல்வதில்லை. அலை சுமந்து வரும் மணலில் ஒரு பங்கைத் தடுத்து நிறுத்துகின்றன. அவ்வளவே. இவ்வரிசைகளுக்கு நடுவே சில இடங்களில், கைப்பிடி கைப்பிடியாகச் சேர்ந்து, மணல் மீண்டும் தலை காட்டியிருக்கிறது. ஆனால் அங்கே தங்கிய மணல் அதற்கு அப்பால் போவதில்லை. கடைசிக் கல்வரிசைக்கு வடக்கேயுள்ள குப்பத்தார், அலை எதுவரை வந்திருக்கிறது என்று காலைதோறும் பார்க்க வேண்டியவர்களாகிறார்கள்.