புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

புதிய மீனை வாங்கித் தொட்டியில் விட்டு நான்கைந்து நாள் ஆகியிருக்கும். மீன் கல்லிலும் செடியிலும் உடம்பை உரசத் தொடங்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் வாலிலும் துடுப்பிலும் உப்புத் தூளைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கடைக்கு ஓடிப்போய் நீல நிற மருந்து ஒரு புட்டி வாங்கி வந்து ஊற்றுகிறோம். இரண்டு நாளில் புள்ளிகள் மறைகின்றன. அப்பாடா என்று மருந்தை நிறுத்திவிடுகிறோம். அடுத்த சில நாள்களில் தொட்டியிலுள்ள எல்லா மீன்களுக்கும் புள்ளி. பிறகு ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன.

போலி மருந்தை விற்றுவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டுவதற்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் புள்ளிகளை மருந்து அழிக்கவில்லை. மருந்தே ஊற்றாமல் விட்டிருந்தாலும் அவை அன்றைக்கு மறைந்துதான் இருக்கும்.

மலாயில் ‘பிந்திக் பூத்தே’ என்று நாம் கேள்விப்படும் வெள்ளைப் புள்ளி நோய் இது. இதற்குக் காரணம் ஓர் ஓரணு உயிரி. பாடநூலில் பரமேசியத்தின் படம் பார்த்திருப்பீர்கள் அல்லவா? உடம்பைச் சுற்றி மெல்லிய மயிரிழைகள், அவற்றை அசைத்து நீந்தும் பழக்கம். இதுவும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பரமேசியம் குட்டையில் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கிறது. இது மீனைத் தின்று பிழைக்கிறது. 1876இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதற்கு இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் பொருளைக் கேளுங்கள்: ‘பல பிள்ளைகள் பெற்ற மீன் பேன்’. மீன் வளர்ப்போர் சுருக்கமாக ‘இக்’ என்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

நாம் பார்க்கும் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஓர் இக் இருக்கிறது. மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்துகொண்டு, தோல் திசுவைத் தின்று, சுழன்று சுழன்று வளர்கிறது. முழுதாக வளர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். ஓரணு உயிரிக்கு அது ராட்சத அளவு. நுண்ணோக்கியில் பார்த்தால் குதிரை லாடம்போல் வளைந்த உட்கரு தெரியும். இக்கை அடையாளம் காண அது ஒன்றே போதும். தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்தப் புற மருந்தும் அதைத் தொடாது. மீனின் தோலும் சளியுமே அதற்குக் கவசம்.

வளர்ந்து முடிந்ததும் அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. புள்ளி ‘மறைவது’ அப்போதுதான். தொட்டியின் அடியில், மணலிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, பசை போன்ற ஓர் உறையைச் சுற்றிலும் போட்டுக்கொள்கிறது. உறைக்குள் ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. சில நூறு குஞ்சுகள், சில வேளைகளில் ஆயிரம் வரைகூட, ஒரே உறையிலிருந்து வெளிப்படுகின்றன. ஃபூக்கே வைத்த பெயர் பொருத்தமானதுதான்.

இந்தக் குஞ்சுகளுக்கு நேரம் மிகக் குறைவு. ஓரிரு நாளில் ஒரு மீனைக் கண்டுபிடித்துத் துளைத்து நுழையாவிட்டால் செத்துவிடும். கவசமின்றித் தண்ணீரில் நீந்தித் திரியும் அந்தக் குறுகிய நேரத்தில்தான் மருந்து வேலை செய்யும். ஆகவே நாம் மருத்துவம் பார்ப்பது மீனுக்கு அல்ல, தண்ணீருக்கு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓர் உறையில் 500 குஞ்சுகள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் ஒன்றுக்குத்தான் மீன் கிடைக்கிறது என்றாலும் அடுத்த சுற்றில் 5 புள்ளிகள். அதற்கடுத்து 25, பிறகு 125, பிறகு 625. குளத்திலோ ஆற்றிலோ பெரும்பாலான குஞ்சுகளுக்கு மீன் கிடைக்காது. இரண்டடித் தொட்டியில் மீன் எங்கே ஓடி ஒளியும்? நெருக்கமாக மீன் வளர்க்கும் இடமெல்லாம் இக்குக்கு விருந்துதான். 1932இல் மேற்கு ஜாவாவின் மீன் குளங்களில் இக் பரவி ஏராளமான மீன்களைக் கொன்றது. இந்தோனேசிய மீன் நோய் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இந்தச் சுற்று முடிய எத்தனை நாள் ஆகும் என்பது தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது. 10 டிகிரி செல்சியஸில் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். 25 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரம். பினாங்கில் சாதாரண அறையில் இருக்கும் தொட்டித் தண்ணீர் 27, 28 டிகிரிக்குக் குறையாது. நான்கைந்து நாளிலேயே ஒரு சுற்று முடிந்துவிடும். குளிர்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து ‘வாரம் ஒருமுறை மருந்து’ என்று இங்கே செய்தால், இரண்டு மருந்துகளுக்கு இடையில் ஒரு தலைமுறை தப்பித்துவிடும். ஆனால் இதே வெப்பம் நமக்கு உதவியாகவும் இருக்கிறது. சுற்று வேகமாக நடப்பதால் எல்லா இக்கும் சீக்கிரமே வெளியே வந்து மருந்திடம் மாட்டும். 30 டிகிரியை எட்டினால் அதன் இனப்பெருக்கமே தடைபடுகிறது. மீன் தொட்டி குளிரூட்டி உள்ள அறையில் இருந்தால் நிலைமை வேறு. இரவில் வெப்பம் இறங்கி, பகலில் ஏறி, மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும். முதலில் தொட்டியை அந்த அறையிலிருந்து வெளியே எடுங்கள்.

சூடேற்றியைப் போடுவதாக இருந்தால் மெதுவாக, சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற அளவில் உயர்த்த வேண்டும். இன்னொன்றும் முக்கியம். 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். இக் செவுள்களையும் அரிக்கும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் மீனுக்கு இது ஆபத்து. காற்றுப் பம்பு இரவு பகலாக ஓடட்டும். புள்ளி அதிகம் தெரியாமலேயே மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறும் மீன்கள் பெரும்பாலும் செவுளில் அடிபட்டவை.

மருந்துகளில் எளியது சமையலறை உப்பு. கப்பி, மோலி, தங்கமீன் போன்றவை லிட்டருக்கு 2 கிராம் உப்பைத் தாங்கும். அளவை எப்படிக் கணக்கிடுவது? 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் என்றால் 54 லிட்டர். மணலையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் சுமார் 45 லிட்டர்தான் தண்ணீர். ஆக 90 கிராம். தனிப் பாத்திரத்தில் கரைத்து, ஒரு நாள் முழுக்கச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே ஆவியான அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். 10 லிட்டரை வெளியே எடுத்து மாற்றினால் 20 கிராம் மட்டும் சேருங்கள். என் படிவம் 2 மாணவர்களுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தால் பாதிப் பேர் மறுபடியும் 90 கிராமையே எழுதுகிறார்கள்!

நியான் டெட்ராவுக்கும் நீர்ச் செடிகளுக்கும் உப்பு ஒத்துவராது. போர்னியோ, சுமத்ரா ஆறுகளில் பிறந்த கிளவுன் லோச்சுக்கோ செதில்கள் மிக நுண்ணியவை. முதலில் புள்ளி வருவதும் அதற்குத்தான், மருந்தால் முதலில் துவள்வதும் அதுதான். கடை மருந்தானால் அதற்குப் பாதி அளவு போதும். மருந்தில் செம்பு இருந்தால் இறாலும் நத்தையும் சாகும். வடிகட்டியில் உள்ள கரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது மருந்தை உறிஞ்சிவிடும். நீல நிற மருந்துகள் பலவற்றில் மலக்கைட் கிரீன் என்ற சாயம் இருக்கிறது. உண்ணும் மீன்களுக்கு அதைப் பயன்படுத்தப் பல நாடுகள் தடை விதித்துள்ளன. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், வீட்டுப் பெரியவர்கள் உடனிருக்கட்டும்.

எந்த மருந்தானாலும் கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். தினமும் குழாய் வைத்து அடிமணலை உறிஞ்சினால் உறைகள் நூற்றுக்கணக்கில் வெளியே போய்விடும். காசு செலவில்லாத இந்த வேலையைத்தான் பலர் செய்வதில்லை. உறிஞ்சிய தண்ணீரைச் செடித்தொட்டி மண்ணில் ஊற்றலாம். மருந்தோ உப்போ கலந்திருந்தால் கழிவறையில் ஊற்றுங்கள். லோங்காங்கில் ஊற்றினால் அது ஆற்றுக்குத்தான் போகும். நோயுற்ற மீனை ‘பிழைத்துப் போகட்டும்’ என்று ஆற்றில் விடுவது அங்குள்ள மீன்களுக்கு நாம் அனுப்பும் நோய்.

பிழைத்த மீனிடம் ஒரு வியப்பு உண்டு. அதே இக் மறுபடி தாக்கினால் அதற்குப் பெரும்பாலும் நோய் வருவதில்லை. அதன் எதிர்ப்பொருள்கள் இக்கைக் கொன்றுவிடுகின்றன என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவில் தியடோர் கிளார்க், ஹாரி டிக்கர்சன் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எதிர்ப்பொருள்கள் இக்கின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டதும், அது மீனைவிட்டுத் தானே வெளியேறி ஓடிவிடுகிறது! குடியிருப்பவரைக் கொல்லாமல் காலி செய்ய வைக்கும் தந்திரம் அது.

நம் தீவிலேயே, பத்து மாவுங்கில், மீன்வளத் துறையின் தேசிய மீன் நல ஆய்வு மையம் இயங்குகிறது. மீன் நோய்களை ஆராய்வதுதான் அங்குள்ளவர்களின் அன்றாட வேலை. இந்தத் துறையில் ஆர்வமுள்ள படிவம் 4, 5 மாணவர்கள் உயிரியலை விட்டுவிட வேண்டாம்.

அடுத்த முறை மீன் வாங்கினால், ஒரு பிளாஸ்டிக் வாளியும் காற்றுப் பம்பும் தயாராக இருக்கட்டும். புதிய மீன் இரண்டு வாரம் அந்த வாளியில்தான். 28 டிகிரியில் இரண்டு வாரம் என்பது இக்குக்கு மூன்று சுற்று. ஒளிந்திருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். மீனோடு வரும் பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வாளிக்கென்று தனி வலை வைத்துக்கொள்ளுங்கள்.